கண் உளைச்சலும் கம்ப்யூட்டர் திரையும்: டிடிபி வேலையில் தெரிந்துகொண்டவை

புது மானிட்டர் வாங்கியபின் கண் உளைச்சல் வருகிறது. கண்ணாடிக் கடையில் பவர் மாறவில்லை என்கிறார்கள். டாக்டரும் கண் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுகிறார். அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். மானிட்டருக்குள்ளும் கிராஃபிக்ஸ் செட்டிங்கிலும் கண்ணை வாட்டுகிற சில சங்கதிகள் இருக்கின்றன. அவற்றை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பெரும்பாலும் காசு செலவில்லாமல் சரியும் செய்யலாம்.

பாளையங்கோட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடங்கள் நிறைந்த ஊர் என்பதால் பரீட்சைக்கு முன்னால் கேள்வித்தாள் வேலை குவியும். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் நோட்டீஸ், சித்திரையிலும் ஆடியிலும் அம்மன் கோயில், மாடன் கோயில் கொடை நோட்டீஸ். இவற்றில் கண்ணைப் பிழிகிறது கொடை நோட்டீஸ்தான். ஒரே தாளில் மாக்காப்பு, குடியழைப்பு, வில்லுப்பாட்டு, படைப்பு என்று நிகழ்ச்சி முழுவதும் வரவேண்டும். அதற்குக் கீழே வரிதாரர் பெயர்கள் ஒன்பது பாயின்ட், எட்டு பாயின்ட் எழுத்தில் வரிசையாக நிற்கும். இசக்கிமுத்து, இசக்கியப்பன், சுடலைமுத்து, சுடலைமாடன் என்று அடுத்தடுத்து ஒரே சாயலில் பெயர்கள். "யக்கா, ஒரு பேரு விட்டுப்போனாலும் ஊருக்குள்ள சண்டையாயிரும், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் விழாக் கமிட்டிக்காரர்கள் போவார்கள். ஆகவே நான் திரையைப் பார்க்கிறது மேலோட்டமாகப் பார்க்கிறது இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் துணைக்காலையும் தேடிப் பார்க்கிற வேலை.

கடையில் சிஸ்டம் மாற்றினோம். பழைய 17 அங்குலச் சதுர மானிட்டர் பில் போடுகிற மேசைக்குப் போனது. எனக்கு 24 அங்குல மானிட்டர் வந்தது. படம் பெரிதாக, பளிச்சென்று இருந்தது. ஆனால் மத்தியானத்துக்குள் புருவத்துக்கு மேல் இறுக்கம், கண்ணுக்குப் பின்னால் பாரம். சாயங்காலம் எழுத்து நெளிகிற மாதிரி இருக்கும். ரோட்டில் வருகிற வண்டி வெளிச்சம் குத்தும். சில நாள் வயிற்றைக் குமட்டவும் செய்தது. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அன்றைக்கு ஒன்றும் இருக்காது.

முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். எல்லோரும் அப்படித்தான் போகவேண்டும். பார்வை திடீரென்று மங்குவது, மின்னல் வெட்டுகிற மாதிரி தெரிவது, ஒரு கண்ணில் மட்டும் கடுமையான வலி, கண் சிவந்துபோவது, இதெல்லாம் இருந்தால் செட்டிங்கை நோண்டிக்கொண்டு உட்காரக் கூடாது. திருநெல்வேலியில் நல்ல கண் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சம் இல்லை. எனக்குக் கண் அழுத்தம், விழித்திரை எல்லாம் பார்த்தார்கள். கொஞ்சம் வறட்சி, வேறொன்றும் இல்லை என்றார்கள். அந்த டாக்டர் கேட்ட ஒரு கேள்வி மட்டும் பெரிய உதவி செய்தது: "மானிட்டர் உங்க கண்ணுல இருந்து எவ்வளவு தூரத்துல இருக்கு?" கடைக்கு வந்து டேப் வைத்து அளந்தேன். 65 சென்டிமீட்டர்.

நாற்பது தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்துவிடும். அதற்குப் போடுகிற படிக்கிற கண்ணாடி, கையில் புத்தகம் பிடிக்கிற தூரத்துக்கு, அதாவது சுமார் 40 சென்டிமீட்டருக்குக் கணக்குப் பண்ணியது. அந்தத் தூரத்துக்குக் கண்ணுக்கு வேண்டிய திறன் 2.5 டயாப்டர் (லென்ஸ் பவரை அளக்கிற அலகு). 65 சென்டிமீட்டருக்கு 1.5தான். ஒரு டயாப்டர் வித்தியாசம் லேசுப்பட்டது இல்லை. படிக்கிற கண்ணாடியோடு மானிட்டரைப் பார்க்கிறவர்கள் தெரியாமலே முன்னால் குனிந்துகொள்வார்கள். மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் பவர் இருக்கிற இரட்டைக் கண்ணாடியோ புரோகிரசிவோ போட்டவர்கள் கீழ்ப்பாகத்தால் பார்க்கத் தாடையைத் தூக்கிக் கழுத்தைக் கெடுத்துக்கொள்வார்கள். கண் பரிசோதனைக்குப் போகும்போது மானிட்டர் தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி போட்டுத்தருவார்கள். எனக்கும் போட்டுக்கொடுத்தார்கள். கழுத்து சரியானது. கண் உளைச்சல் பாதிதான் குறைந்தது.

மிச்சப் பாதி எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது அந்தப் பழைய மானிட்டர். என் சிஸ்டத்தில் வேறொருவர் வேலை பார்த்த நாட்களில் நான் பில் மேசையில் உட்கார்ந்து கேள்வித்தாள் அடித்தேன். அதே கண், அதே கண்ணாடி, அதே ஃபான்ட், அதே அறை. உளைச்சல் இல்லை. உங்களுக்கும் இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு திரை இருந்தால் அதைவிட நல்ல சோதனை கிடையாது. ஒரு வாரம் அதில் அதே வேலையைச் செய்து பாருங்கள்.

என் தம்பி மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னது: "அத்தை, ஒண்ணொண்ணா மாத்துங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துனா எதுனால குணமாச்சுன்னே தெரியாது." ஒரு நோட்டுப் போட்டு, எந்தத் தேதியில் எதை மாற்றினேன், சாயங்காலம் கண் எப்படி இருந்தது என்று எழுதிவந்தேன். இதைச் செய்யாமல் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கண் உளைச்சல் தூக்கம், வெயில், வேலைச்சுமை எல்லாவற்றோடும் கூடிக் குறையும். எழுதி வைத்தால்தான் எது எதனால் என்று பிரித்தறிய முடியும்.

முதலில் பார்த்தது மினுக்கம். எல்சிடி மானிட்டரில் எழுத்துக்குப் பின்னால் எல்இடி விளக்கு இருக்கிறது. பிரைட்னஸைக் குறைக்கும்போது சில மானிட்டர்கள் அந்த விளக்குக்குப் போகிற மின்சாரத்தையே குறைக்கும். சில மானிட்டர்கள் அப்படிச் செய்வதில்லை. விளக்கை முழு வெளிச்சத்தில் வேகமாக அணைத்து அணைத்துப் போடும். அணைந்திருக்கிற நேரம் கூடக் கூட நமக்கு மங்கலாகத் தெரியும். இதற்குப் பிடபிள்யூஎம் என்று பெயர். விநாடிக்கு 200, 240 தடவை அணைந்து எரிந்தால் கண்ணுக்கு அது தனியாகத் தெரியாது. ஆனாலும் சிலருக்குத் தலைவலியையும் உளைச்சலையும் அது கொண்டுவரும். எல்இடி விளக்கு மினுக்கத்தைப் பற்றி ஐஇஇஇ என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு 2015-இல் 1789 என்ற எண்ணில் ஒரு பரிந்துரை வெளியிட்டது. விநாடிக்கு 3000 தடவைக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டியதில்லை என்பது அதன் கணக்கு. 200-க்கும் 3000-க்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

இதைப் போன் கேமராவாலேயே சோதிக்கலாம். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்தேன். அறை விளக்கை அணைத்தேன், ஏனென்றால் டியூப் லைட்டும் மினுக்கும். போன் கேமராவில், செட்டிங்கை நாமே மாற்ற விடுகிற புரோ மோடுக்குப் போய் ஷட்டர் வேகத்தை 1/2000 விநாடிக்கு வைத்தேன். மானிட்டர் பிரைட்னஸ் 100-இல் இருந்தபோது போனில் ஒரே சீரான வெள்ளை. 60-க்கு இறக்கினேன். குறுக்கே மெல்லிய கறுப்புப் பட்டைகள் தோன்றின. 20-க்கு இறக்கினேன். வெள்ளையைவிடக் கறுப்புத் தடிமனாகி, பட்டைகள் மேலிருந்து கீழே மெதுவாக நகர்ந்தன. நேரில் பார்த்தால் சாதுவான மங்கல் வெள்ளைதான். பழைய மானிட்டரில் எந்தப் பிரைட்னஸிலும் பட்டை வரவில்லை. பட்டைகள் சிலவே, தடிமனாக இருந்தால் மினுக்க வேகம் குறைவு. மெல்லியதாக நெருக்கமாக இருந்தால் வேகம் அதிகம், தொந்தரவும் குறைவு. புரோ மோடு இல்லாத போன் என்றால், இருட்டறையில் வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். ஒரே கலங்கலாகத் தெரிந்தால் மினுக்கம் இல்லை. பென்சில் பல துண்டாக விசிறி மாதிரி தெரிந்தால் மினுக்கம் உண்டு.

கண் கூசினால் பிரைட்னஸைக் குறைக்கச் சொல்வதுதான் ஊர் வழக்கம். இந்த வகை மானிட்டரில் அது நேர்மாறாக வேலை செய்யும். குறைக்கக் குறைக்க மினுக்கம் கூடும். இதற்கு வழி, மானிட்டர் பிரைட்னஸைப் பட்டை வராத அளவுக்கு மேலே வைத்துவிட்டு, கிராஃபிக்ஸ் கன்ட்ரோல் பேனலில் இருக்கிற பிரைட்னஸையோ மானிட்டரின் கான்ட்ராஸ்டையோ குறைப்பது. இப்படிக் குறைப்பது விளக்கைத் தொடாது. படத்தின் வெள்ளையை மட்டும் சாம்பலாக்கும். ஃபோட்டோ வேலைக்கு நிறம் கொஞ்சம் கெடும். எழுத்து வேலைக்கு ஒரு குறையும் இல்லை. எவ்வளவு குறைப்பது என்பதற்கு என் அளவுகோல் ஒரு வெள்ளைத்தாள். திரைக்குப் பக்கத்தில் தாளைப் பிடிக்கவேண்டும். திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியவேண்டும். திரை விளக்குப் போல ஒளிர்ந்தால் அதிகம், தாளைவிட அழுக்காகத் தெரிந்தால் குறைவு. மாற்றிய அன்றே குமட்டல் நின்றது.

அதற்குப் பிறகும் எழுத்து எனக்குத் திருப்தியாக இல்லை. கறுப்பு எழுத்து அவ்வளவு பரவாயில்லை. திருத்தத்துக்காக வெள்ளையில் சிவப்பு எழுத்துப் போட்டால் ஓரம் கசிந்த மாதிரி இருக்கும். அது கேபிள் வழி வந்த கோளாறு. எச்டிஎம்ஐயில் இணைத்தால் சில கிராஃபிக்ஸ் டிரைவர்கள் (கிராஃபிக்ஸ் கார்டை இயக்குகிற மென்பொருள்) மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொள்ளும். டிவிக்கு அனுப்புகிற மாதிரி இரண்டு காரியம் செய்யும். ஒன்று, நிறத்தை ஒய்சிபிசிஆர் 422 என்ற முறையில் அனுப்பும். அதில் வெளிச்ச அளவு திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் (பிக்சல்) தனியாகப் போகும், நிறம் மட்டும் இரண்டு புள்ளிக்கு ஒன்றாகப் போகும். சினிமா பார்க்க அது போதும், எட்டு பாயின்ட் சிவப்பு எழுத்துக்குப் போதாது. இரண்டாவது, கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்று போகவேண்டிய அளவை 16 முதல் 235 வரை சுருக்கி அனுப்பும். மானிட்டர் அதை அப்படியே காட்டினால் கறுப்பு வெளிறி, வெள்ளை மங்கி, எல்லாம் புகை படிந்த மாதிரி இருக்கும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் சேஞ்ச் ரெசல்யூஷன் பக்கத்துக்குக் கீழே அவுட்புட் கலர் ஃபார்மேட்டை ஆர்ஜிபி என்றும், டைனமிக் ரேஞ்சை ஃபுல் என்றும் வைக்கலாம். இன்டெல், ஏஎம்டி பேனல்களிலும் இதே அமைப்பு வேறு பெயரில் உண்டு. டிவியையே மானிட்டராக வைத்திருக்கிறவர்கள் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரைப் பிசி என்று மாற்றி, ஷார்ப்னஸை முழுக்கக் குறைத்துப் பாருங்கள். ஷார்ப்னஸ் கூடினால் எழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓடும். ஓரம் சரியாகத் தெரியாத எழுத்தின்மேல் கண் மறுபடி மறுபடி ஃபோகஸ் தேடும், உள்ளே லென்ஸைப் பிடித்திருக்கிற தசைக்கு ஓய்வே இருக்காது.

எங்கள் கடையில் வேலை பார்க்கிற பிள்ளைக்கு லேப்டாப். அவளுக்கு வேறு தொந்தரவு. கறுப்புப் படம் இருக்கிற டிசைனிலிருந்து வெள்ளைப் பக்கத்துக்கு மாறினால் திரை ஒரு நொடி கழித்துத் தானாகவே மங்கும், பிறகு கூடும். "யக்கா, இது மூச்சு விடுத மாதிரி இருக்கு" என்பாள். பேட்டரி மிச்சப்படுத்த லேப்டாப் செய்கிற வேலை அது. விண்டோஸ் 11-இல் டிஸ்ப்ளே செட்டிங்கில் பிரைட்னஸுக்குக் கீழே, திரையில் இருப்பதைப் பொறுத்து பிரைட்னஸை மாற்று என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை நிறுத்தவேண்டும். இன்டெல் பேனலில் பவர் பகுதியில் டிஸ்ப்ளே பவர் சேவிங்ஸ், ஏஎம்டியில் வேரி பிரைட். இவற்றையும் நிறுத்தினோம். தனி மானிட்டர்களில் டைனமிக் கான்ட்ராஸ்ட் என்று இருக்கும், அதுவும் இதே இனம்தான்.

இன்னொன்று இருக்கிறது, அதிகம் பேர் பேசாதது. விலை குறைந்த பல பேனல்கள் உள்ளபடி 6 பிட், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 64 படிதான். அவற்றால் 2,62,144 நிறம்தான் காட்ட முடியும். மீதி நிறங்களுக்கு ஒரு புள்ளியைப் பக்கத்துப் பக்கத்து இரண்டு நிறங்களுக்கு இடையே வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி, நடுநிறம் போலத் தோன்றச் செய்யும். எஃப்ஆர்சி என்பார்கள். கிராஃபிக்ஸ் கார்டும் சில சமயம் இதே வேலையைச் செய்து அனுப்பும். பெட்டியில் 16.2 மில்லியன் நிறம் என்று போட்டிருந்தால் 6 பிட் என்று வைத்துக்கொள்ளலாம். சாம்பல் பின்னணியில் அசையாத படத்திலும் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு நடுக்கம் தெரிகிறவர்கள் சிலர் உண்டு. எனக்கு அது தெரிவதில்லை. ஆனால் டிரைவர் அப்டேட் ஆனபின் கண் உளைகிறது என்று சொல்கிறவர்களை நான் நம்புகிறேன். பழைய டிரைவருக்குத் திரும்பிப் பார்ப்பது அவர்களுக்குச் செலவில்லாத சோதனை.

தமிழ் எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலீஷில் வேலை பார்க்கிறவர்களுக்கு எழுதப்பட்ட குறிப்புகளில் இது இருக்காது. 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளி. 27 அங்குலத்தில் அதே ஃபுல் எச்டி என்றால் 82தான். அளவு பெரிதானாலும் எழுத்து கரடுமுரடாகும். விண்டோஸில் 100 சதவீதத்தில் ஒன்பது பாயின்ட் எழுத்துக்குக் கிடைக்கிறது 12 புள்ளி உயரம். அந்த 12 புள்ளிக்குள் 'ணு'வின் சுழியும், 'ஞ'வின் வளைவும், மேலே ஒரு புள்ளியும் அடங்கவேண்டும். 'ர'வா துணைக்காலா என்று தெரியாது. 'ன'வும் 'ண'வும் கலங்கும். கண் முட்டிப் பார்க்கிறது இந்த இடத்தில்தான். ஆகவே சிறிய எழுத்து நோட்டீஸை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கித்தான் புரூஃப் பார்க்கிறேன். திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்குகிற விண்டோஸ் ஸ்கேலிங்கை 125 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அது கூடாது. எல்சிடிக்கு அதன் சொந்த ரெசல்யூஷன் ஒன்றுதான், குறைத்தால் எல்லா எழுத்தும் மசங்கும்.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி கிளியர்டைப் என்று தேடினால் ஒரு சோதனை வரும். எழுத்து மாதிரிகளில் எது தெளிவு என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். அங்கே காட்டுகிறது இங்கிலீஷ் எழுத்து. ஆகவே முடித்துவிட்டுத் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்த்து, ஓரத்தில் நிறம் தெரிந்தால் மறுபடி செய்யுங்கள். அப்புறம், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. அது கண்ணுக்கு இதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சிலிண்டர் பவர் இருக்கிறவர்களுக்கு வெள்ளை எழுத்து பூத்துப்போய்த் தமிழ்ச் சுழிகள் அடைந்துவிடும். எனக்கு அது ஒத்துவரவில்லை. மங்கல் வெள்ளையில் கறுப்பு எழுத்துதான் சுகம்.

ஹெர்ட்ஸ், அதாவது திரை விநாடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. பழைய கண்ணாடிக்குழாய் மானிட்டர் காலத்தில் 60 ஹெர்ட்ஸ் மினுக்கும், 85 வைத்தால் கண்ணுக்கு நல்லது. அந்தக் காலத்து டிடிபிக்காரர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். எல்சிடியில் 60-இலும் படம் அணைவதில்லை. ஹெர்ட்ஸைக் கூட்டினால் மவுஸ் ஓடுவது வழுக்கலாக இருக்கும், அவ்வளவுதான். 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய எச்டிஎம்ஐ வழி 4கே திரையை இணைத்தால் அப்படி நடக்கும்.

அறைக்கும் பங்கு உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய சோக் டியூப் லைட்டும் மலிவு எல்இடி பல்பும் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். அதே போன் கேமராவால் விளக்கையும் சோதித்து, பட்டை வந்த பல்புகளை மாற்றினேன். எங்கள் கடை மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் ரோட்டு வெயில் திரையில் அடிக்கும். மானிட்டரை வாசலுக்குப் பக்கவாட்டாகத் திருப்பிப் போட்டதில் அது தீர்ந்தது. ஆடிக் காற்று அடிக்கிற மாதங்களில் கண் இன்னும் சீக்கிரம் காயும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிற கண், திரையை உற்றுப் பார்க்கும்போது பாதிக்கும் கீழே போய்விடும். அதோடு மின்விசிறி முகத்துக்கு நேரே அடித்தால் கேட்கவே வேண்டாம். விசிறியை முதுகுப் பக்கம் மாற்றுங்கள், திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். பார்வை தாழ்ந்தால் இமை பாதி மூடி, கண் காய்வது குறையும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பால் இருபது விநாடி பார்ப்பது எல்லோரும் அறிந்ததுதான், அதையும் விடவேண்டாம்.

நீல வெளிச்சத்தைத் தடுக்கிற கண்ணாடிக்குக் கூடுதல் காசு கேட்பார்கள். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் என்ற அமைப்பு 2023-இல் 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால் கண் உளைச்சலில் வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம் என்பதுதான் அதன் முடிவு. அந்தக் காசை மானிட்டர் தூரத்துக்குச் சரியான பவர் போட்டுக்கொள்ளச் செலவிடலாம். ராத்திரியில் திரையை மஞ்சளாக்குகிற நைட் லைட் எனக்குக் கூச்சத்தைக் குறைக்கிறது, அதைப் போட்டிருக்கிறேன். ஆனால் அது மினுக்கத்தையோ மசங்கலையோ தீர்க்காது.

என் மானிட்டரில் எங்கள் கடைப் பிள்ளை நாள் முழுக்க உட்காருவாள். "எனக்கு ஒண்ணும் தெரியலியேக்கா" என்பாள். அது உண்மை. ஒரே மினுக்கம் ஒருவருக்கு ஒன்றும் செய்யாது, இன்னொருவருக்கு மண்டையைப் பிளக்கும். வீட்டிலோ ஆபீஸிலோ யாராவது இந்தத் திரை எனக்கு ஆகவில்லை என்றால், உனக்கு மட்டும் என்ன என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அவர்கள் வேலைக்குச் சோம்பிச் சொல்வதில்லை. மானிட்டரை மாற்றிக்கொடுத்துப் பாருங்கள். படிக்கிற பிள்ளைகள் கையில் இருக்கிற ஓஎல்இடி போனுக்கும் இதே கதைதான். பிரைட்னஸைக் குறைத்துப் போர்வைக்குள் பார்க்கும்போதுதான் பல போன்களில் 240, 480 ஹெர்ட்ஸ் மினுக்கம் உச்சத்தில் இருக்கும். சில ஆண்ட்ராய்டு போன்களில், மினுக்கத்தைக் குறைத்து வெளிச்சத்தை மங்கவைக்கிற டிசி டிம்மிங் என்று ஒரு சுவிட்ச் உண்டு, தேடிப் போட்டுக்கொடுங்கள்.

புதிதாக மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் ஃபிளிக்கர் ஃப்ரீ (மினுக்கம் இல்லாதது) என்று எழுதியிருப்பதோடு நின்றுவிடாதீர்கள். கடையில் ஓடுகிற மானிட்டர் எப்போதும் முழு பிரைட்னஸில் இருக்கும், அதில் எந்தக் குறையும் தெரியாது. கடைக்காரரிடம் சொல்லி 20-க்கு இறக்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, போன் கேமராவை 1/2000-இல் வைத்துப் பாருங்கள். பிறகு நீங்கள் தினமும் அடிக்கிற தமிழ்ப் பக்கம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய் அதில் திறந்து, சின்ன எழுத்தை வாசித்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.